கலயத்துச் சுண்ணாம்பும் வினைவேகமும்

உடன்குடி, சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காடுகளில் பனையேற்றக் காலம் வந்துவிட்டால் காலையும் மாலையும் ஒரே வேலைதான். மரம் ஏறுவது, பாளையைச் சீவுவது, கலயத்தைக் கட்டுவது. கட்டுவதற்கு முன்னால் பனையேறி கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிவிடுவார். தடவினால் மறுநாள் காலையில் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் அதே பாளையில், அதே இரவில் சொட்டியது கள்ளாகி இறங்கும்.

இந்த ஒரு விரல் சுண்ணாம்பு என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் 'வேதிவினை வேகவியல்' என்று வரும் பாடத்தில் பாதி புரிந்த மாதிரி. அந்தப் பாடத்தை நம் பிள்ளைகள் பெரும்பாலும் 'வினைவேகத்தைப் பாதிக்கும் ஐந்து காரணிகள்' என்று மனப்பாடம் செய்து, ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஐந்தும் தனித்தனிச் செய்தி அல்ல என்பது என் கருத்து. அடியில் இருப்பவை இரண்டே கேள்விகள். அங்கே போவதற்கு முன்னால் கலயத்தை முடித்துவிடுவோம்.

பாளை நீரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குச் சற்றுக் கூடுதலாகச் சர்க்கரை உண்டு. பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது கரும்பில் இருக்கும் அதே சர்க்கரை. ஒரு சுக்ரோஸ் மூலக்கூறு ஒரு தண்ணீர் மூலக்கூறோடு சேர்ந்து குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டு சின்னச் சர்க்கரைகளாகப் பிளக்கும். இந்தப் பிளவை ஈஸ்ட் தன் நொதியால் செய்யும். அப்புறம் பிளந்ததைத் தின்று சாராயமாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றும். கள்ளில் நுரை பொங்குவது இந்த வாயுவால்தான். கூடவே பாக்டீரியாக்களும் வேலையைத் தொடங்கி அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் சும்மா இருக்காது. அதுவும் மிச்சமிருக்கும் சுக்ரோஸைப் பிளக்கத் தொடங்கும்.

சுண்ணாம்பு ஒரு காரப்பொருள், அதாவது அமிலத்துக்கு எதிர்வகை. அது இருக்கும் இடத்தில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தழைக்க முடியாது. உண்டாகிற கொஞ்சநஞ்ச அமிலத்தையும் அது தீர்த்துவிடும். கருப்பட்டி காய்ச்சுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது வேலை ரொம்ப முக்கியம். புளித்த பதநீரை எத்தனை மணி நேரம் காய்ச்சினாலும் பாகு இளகலாகவே நிற்கும், சிரட்டையில் ஊற்றினால் இறுகாது. காரணம், பிளந்துபோன சர்க்கரைகள் எளிதில் படிகமாவதில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்பு எந்த வினையையும் ஒரேயடியாக இல்லாமல் ஆக்கிவிடவில்லை. நாட்கணக்கில் வெயிலில் வைத்தால் பதநீரும் கெட்டுத்தான் போகும். சுண்ணாம்பு செய்வதெல்லாம், இரவோடு இரவாக நடக்க வேண்டியதை, பதநீர் அடுப்பேறி முடியும்வரை தள்ளிப்போடுவது. அந்த அவகாசம் போதும், கருப்பட்டி கைக்கு வந்துவிடும்.

நடக்குமா, எப்போது நடக்கும்

ஒரு வினை நடக்கக்கூடியதா என்பது ஒரு கேள்வி. எவ்வளவு நேரத்தில் நடக்கும் என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதலாவதற்கு வெப்ப இயக்கவியல் பதில் சொல்லும். இரண்டாவதற்குத்தான் வேகவியல்.

காய்ந்த பனையோலையைச் சுற்றி எப்போதும் ஆக்சிஜன் இருக்கிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு அதுதான். ஓலையும் ஆக்சிஜனும் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் ஆவது ஆற்றல் கணக்கில் இறங்குமுகமான வழி. கணக்குப்படி பார்த்தால் உலகத்தில் உள்ள அத்தனை ஓலையும் இந்நேரம் எரிந்து போயிருக்க வேண்டும். ஆனால் அதே ஓலையில் எழுதிய ஏடுகள் இருநூறு முந்நூறு ஆண்டுகள் தாண்டி நம் கைக்கு வந்திருக்கின்றன. நடக்கக்கூடிய வினைதான், ஆனால் சாதாரண வெப்பநிலையில் அதன் வேகம் கிட்டத்தட்டப் பூஜ்யம். ஒரு தீக்குச்சியைக் காட்டினால் ஏடு அரை நிமிடம் தாங்காது.

வினைவேகம் என்றால் என்ன? குறிப்பிட்ட நேரத்தில் வினைபடுபொருள் எவ்வளவு குறைந்தது, அல்லது விளைபொருள் எவ்வளவு கூடியது, அவ்வளவே. கரைசலில் நடப்பதென்றால் ஒரு லிட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) மாறியது என்று சொல்வார்கள். பேருந்தின் வேகத்துக்குக் கிலோமீட்டர் மாதிரி இதற்கு மோல்.

சொல்வது எளிது. அளப்பது? மூலக்கூறுகளை எண்ணிப் பார்க்க முடியாது. கரைசலிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்தால், சோதிக்கிற நேரத்துக்குள் வினை இன்னும் கொஞ்சம் நகர்ந்துவிடும். இதை முதன்முதலில் அழகாகத் தீர்த்தவர் லுட்விக் வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர். ஆண்டு 1850. அவர் எடுத்துக்கொண்ட வினை எது என்று பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும்: சுக்ரோஸ் அமிலத்தில் பிளப்பது. நம் கலயத்துக்குள் நடக்காமல் தடுக்கிறோமே, அதே வினை.

சுக்ரோஸ் கரைசல் வழியே தளமுனைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியை, அனுப்பினால் அது ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பும். பிளந்தபின் கிடைக்கும் குளுக்கோஸ்-ஃபிரக்டோஸ் கலவை இடப்பக்கம் திருப்பும். ஆகவே கரைசலைத் தொடாமலே, கருவியில் கண்ணை வைத்துக் கோணத்தை மட்டும் குறித்துக்கொண்டு போனால் எவ்வளவு சர்க்கரை மிச்சம் என்று நிமிடத்துக்கு நிமிடம் தெரிந்துவிடும். வில்ஹெல்மி கண்டது இது: எந்த நொடியை எடுத்தாலும் பிளக்கும் வேகம் அந்த நொடியில் மிச்சமிருக்கும் சர்க்கரையின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. இதை அவர் சமன்பாடாகவும் எழுதினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட் தேடி எடுத்து வெளிச்சம் போட்டுக் காட்டினார்.

அந்த விகிதத்திலிருந்து ஒரு வேடிக்கையான விளைவு வரும். ஏதோ ஒரு வெப்பநிலையில், ஏதோ ஒரு அமிலச் செறிவில் 100 கிராம் சர்க்கரை பாதியாக ஒரு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஒரு மணி நேரத்தில் மிச்சமிருக்கும் 50 கிராமும் தீர்ந்துவிடாது. அதில் பாதியான 25 தான் போகும். அப்புறம் 12.5, பிறகு 6.25. எங்கிருந்து தொடங்கினாலும் பாதியாவதற்கு அதே ஒரு மணி நேரம். இதை அரைவாழ்காலம் என்பார்கள், இப்படி நடக்கும் வினையை முதல் வகை வினை என்பார்கள். கதிரியக்கமும் இதே கணக்கில்தான் தேயும். கூடங்குளம் உலைக்குள் உண்டாகிற அயோடின்-131 எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அயோடின்-131 தேய்வது அணுக்கருவுக்குள் நடக்கிற சங்கதி. அதற்குச் சித்திரை வெயிலும் ஒன்றுதான், ஐஸ்பெட்டியும் ஒன்றுதான். சர்க்கரைக்கு அப்படி இல்லை.

மாணவர்கள் அடிக்கடி சறுக்குகிற இடம் ஒன்று இங்கே இருக்கிறது. வினையின் சமன்பாட்டைப் பார்த்துவிட்டு வேகம் எதையெல்லாம் சார்ந்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. அசிட்டோனும் அயோடினும் அமிலக் கரைசலில் வினைபுரியும். சமன்பாட்டில் அயோடின் இருக்கிறது. ஆனாலும் அயோடினை இரண்டு மடங்கு போட்டாலும் வேகம் மாறுவதில்லை. காரணம், வினை பல படிகளில் நடக்கிறது. அசிட்டோன் மூலக்கூறு முதலில் தன்னைத் தானே உருமாற்றிக்கொள்ள வேண்டும், அதுதான் மெதுவான படி. அது முடிந்த கையோடு அயோடின் வந்து ஒட்டிக்கொள்ளும். மெதுவான படியில் அயோடினுக்கு வேலையே இல்லாதபோது, அது எவ்வளவு இருந்து என்ன? எந்தப் பொருளின் செறிவு வேகத்தை மாற்றுகிறது என்பதைச் சோதனை செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும். தாளில் கண்டுபிடிக்க முடியாது.

நூறு கோடியில் இரண்டு

இப்போது, ஐந்து காரணிகளுக்கும் அடியில் இருப்பதாகத் தொடக்கத்தில் சொன்ன அந்த இரண்டு கேள்விகளுக்கு வரலாம். இரண்டு மூலக்கூறுகள் வினைபுரிய வேண்டுமென்றால் முதலில் மோத வேண்டும். மோதிய பிறகு, அந்த மோதலில் பழைய பிணைப்புகளை உலுக்கித் தளர்த்துகிற அளவுக்கு ஆற்றல் இருக்க வேண்டும். ஆக, நொடிக்கு எத்தனை மோதல்? அவற்றில் எத்தனை பலிக்கும்? முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் மாக்ஸ் டிராட்ஸும், இங்கிலாந்தில் வில்லியம் லூயிஸும் ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாமலே இந்த மோதல் கொள்கையை உருவாக்கினார்கள்.

நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஒரு மூலக்கூறு நொடிக்குச் சில நூறு கோடி தடவை மோதுகிறது. ஒவ்வொரு மோதலும் பலித்தால் எந்த வினையும் கண்ணிமைக்கும் நேரம்கூடத் தாங்காது. பெரும்பாலான மோதல்கள் வீண். வினை தொடங்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலுக்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். சில வினைகளில் ஆற்றல் மட்டும் போதாது, மூலக்கூறுகள் சரியான பக்கமாகவும் மோத வேண்டும்.

வெப்பநிலையின் மர்மம் இங்கேதான் அவிழ்கிறது. சுக்ரோஸ் பிளவையே எடுத்துக்கொள்வோம். 30 டிகிரி செல்சியஸிலிருந்து 40 டிகிரிக்கு ஏற்றினால் அதன் வேகம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஆகிறது. பத்து டிகிரி என்பது நமக்குப் பெரிய மாற்றம். மூலக்கூறுக்கு? வெப்பநிலையைத் தனிப்பூஜ்யத்திலிருந்து, அதாவது மைனஸ் 273 டிகிரியிலிருந்து, கணக்குப் போட வேண்டும். 303 கெல்வின் 313 ஆகிறது, அவ்வளவே. மூலக்கூறுகளின் சராசரி ஆற்றல் நூற்றுக்கு மூன்று பங்கு கூடும். ஓடும் வேகம் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்குதான் கூடும். மோதல்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ அவ்வளவுதான் கூடும். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கூடுதலாக மோதி, வேகம் நான்கு மடங்காவது எப்படி?

ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே அர்ஹீனியஸ் 1889-இல் இதே சர்க்கரைப் பிளவை வைத்துத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டார். எல்லா மூலக்கூறுகளும் வினைபுரியத் தகுதியானவை அல்ல, கிளர்வு பெற்ற ஒரு சிறு கூட்டம் மட்டுமே வினைபுரிகிறது, அந்தக் கூட்டம்தான் வெப்பநிலையோடு மளமளவென்று பெருகுகிறது என்பது அவர் சொன்ன பதில். (1903-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இதற்கல்ல, மின்பகுளிகள் பற்றிய வேலைக்கு.) அவருக்கு முன்பே டச்சுக்காரரான வான்ட் ஹாஃப் 1884-இல் இந்தச் சமன்பாட்டின் வடிவத்தை எழுதியிருந்தார். வேதியியலின் முதல் நோபல் பரிசு, 1901-இல், வான்ட் ஹாஃபுக்குத்தான்.

எண்ணில் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு வினையின் கிளர்வு ஆற்றல் மோலுக்கு 50 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வோம், நடுத்தரமான அளவுதான். 27 டிகிரியில் நூறு கோடி மோதலில் இரண்டுதான் அந்த ஆற்றலைத் தொடும். 37 டிகிரியில் நூறு கோடிக்கு ஏறத்தாழ நான்கு. சராசரியில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் நமக்கு வேண்டியவை சராசரி மூலக்கூறுகள் அல்லவே, உச்சியில் இருக்கிற அந்த இரண்டு மூன்றுதான் வேண்டும். அவை இரட்டிப்பாகிவிட்டன. பத்து டிகிரிக்கு வேகம் இரண்டு மடங்கு என்று பொதுவாகச் சொல்லும் விதி இப்படி வந்ததுதான். அது தோராயம். கிளர்வு ஆற்றல் அதிகமாக இருந்தால் சர்க்கரையைப் போல நான்கு மடங்கும் ஆகும், குறைவாக இருந்தால் இரண்டுகூட ஆகாது.

பிரஷர் குக்கர் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரியை ஒட்டிப் போகும். இருபது டிகிரிதான் கூடுதல், துவரம்பருப்பு வேகிற நேரம் கால்வாசியாகிவிடுகிறது. மாவு புளிப்பதும் அப்படியே. சித்திரையில் திருநெல்வேலி டவுனில் சாயங்காலம் ஆட்டி வைத்த தோசைமாவு நடுராத்திரிக்குள் பாத்திரத்தை விட்டு வழியும். அதே மாவை மலைமேல் குளிரில் இருக்கும் மாஞ்சோலையில் வைத்தால் விடிந்தும் அசையாது. ஆனால் மாவில் வேலை செய்பவை உயிர்கள். சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் வேகம் கூடிக்கொண்டே போகாது. ஐம்பது டிகிரிப் பக்கம் போகும்போது அவற்றின் நொதிகள் உருக்குலைந்து வேலை நின்றுவிடும்.

கிளர்வு ஆற்றலைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமென்றால் கோவில்பட்டித் தீப்பெட்டியை வாங்கலாம். (1986-இல் மாவட்டம் பிரியும்வரை கோவில்பட்டியும் திருநெல்வேலிச் சீமைதான், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.) குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பசையும். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் மாதக்கணக்கில் கடையில் கிடக்கும், ஒன்றும் ஆகாது. உரசுகிற நொடியில் உராய்வுச் சூட்டில் துளி பாஸ்பரஸ் பற்றும். அது குளோரேட்டைக் கிளப்பும், அந்தச் சூடு குச்சியைப் பிடிக்கும். முதல் உந்துதலை மட்டும் நம் விரல் கொடுக்கிறது. பிறகு வினை வெளியிடுகிற சூடே அடுத்தடுத்த மூலக்கூறுகளுக்குக் கிளர்வு ஆற்றலைக் கொடுத்துக்கொண்டு போகும்.

தூளும் கட்டியும்

முதல் கேள்வியான 'எத்தனை மோதல்' என்பதைக் கூட்டும் வழிகள் எளிமையானவை. செறிவைக் கூட்டலாம். வாயுவானால் அழுத்தத்தைக் கூட்டலாம், அதுவும் செறிவைக் கூட்டுவதுதான். அடுப்பில் கனன்றுகொண்டிருக்கும் விறகை ஊதாங்குழலால் ஊதினால் தீ பிடிக்கிறது, புதிய ஆக்சிஜன் அங்கே போய்ச் சேருவதால். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் பீடி பற்றவைக்கக்கூடாது என்று சத்தம் போடுவதும் இதனால்தான்.

திடப்பொருள் என்றால் இன்னொரு வழி, தூளாக்குவது. திடப்பொருளின் மேல்பரப்பில் இருக்கும் மூலக்கூறுகள்தான் மோத முடியும், உள்ளே இருப்பவை காத்திருக்க வேண்டியதுதான். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்துக்குப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் ஆயிரம் துண்டு, பரப்பு 60. பொருள் கூடவில்லை, முகம் பத்து மடங்காகிவிட்டது. அலுமினியப் பானையில் தினமும் சோறு வடிக்கிறோம், அதே அலுமினியத்தைத் தூளாக்கி மத்தாப்பில் வைத்தால் கண் கூசுகிறது. வீட்டில் பார்க்க வேண்டுமென்றால் முட்டை ஓட்டைப் பாதி துண்டாகவும் பாதி நுணுக்கியும் இரண்டு டம்ளரில் போட்டு, இரண்டிலும் எலுமிச்சைச் சாறு ஊற்றிப் பாருங்கள். எதில் நுரை அதிகம் என்று கேட்க வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் இதற்குப் பெரிய சாட்சி தாழையூத்து சிமென்ட் ஆலை. 1949-இல் தொடங்கி ஓடுகிற ஆலை அது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் 1,450 டிகிரி வரை சுட்டு எடுக்கும் கிளிங்கர் கூழாங்கல் மாதிரி உருண்டையாக வரும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. மாவாக அரைத்தால்தான் அது சிமென்ட். இந்தியத் தரநிலைப்படி சாதாரண சிமென்ட் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 225 சதுர மீட்டர் பரப்பு இருக்க வேண்டும். நம் கணக்கில் ஐந்தரை சென்ட். ஒரு கிலோ சிமென்ட் தூளின் முகங்களை எல்லாம் விரித்துப் போட்டால் ஒரு வீட்டுமனை அளவுக்கு வரும்.

சுற்றுவழி

வினையூக்கியை எல்லோரும் 'வேகத்தைக் கூட்டும், ஆனால் தான் தீராது' என்று சரியாகவே எழுதிவிடுவார்கள். எப்படிக் கூட்டுகிறது என்று கேட்டால்தான் திணறல். அது மூலக்கூறுகளை வேகமாக ஓடவைப்பதில்லை. சூடேற்றுவதும் இல்லை. கிளர்வு ஆற்றல் குறைவான வேறொரு பாதையைத் திறந்துவிடுகிறது. தென்காசியிலிருந்து கொல்லத்துக்குப் போக வேண்டும், நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை. பொதிகை உச்சி ஏறித்தான் இறங்க வேண்டுமென்றால் நூறு பேரில் ஒருவர் போவார். செங்கோட்டை தாண்டினால் ஆரியங்காவுக் கணவாய் இருக்கிறது, எல்லோரும் போகலாம். மலை அப்படியே நிற்கிறது, போகிறவர்களின் பலமும் கூடவில்லை.

இதே உவமையில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. கணவாய் இரு பக்கமும் திறந்தது. கொல்லத்திலிருந்து தென்காசிக்கு வருகிறவர்களுக்கும் அதே வசதிதான். வினையூக்கி முன்னோக்கு வினையையும் பின்னோக்கு வினையையும் ஒரே மடங்கில் வேகப்படுத்தும். ஆகவே இரு பக்க வேகமும் ஒன்றாகிற சமநிலை சீக்கிரம் வரும், ஆனால் அதன் இடம் மாறாது. 'வினையூக்கி போட்டால் விளைபொருள் கூடுதலாகக் கிடைக்கும்' என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் போய்விடும், போகவும் வேண்டும்.

தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலையில் யூரியாவுக்காக அம்மோனியா தயாரிக்கிறார்கள். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர வேண்டும். நைட்ரஜனின் இரண்டு அணுக்களைப் பிடித்திருக்கும் மும்மைப் பிணைப்பைப் பிரிக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும், இரும்புப் பிடி. அம்மோனியா உருவாகும்போது சூடு வெளிவருவதால், வெப்பநிலை குறைவாக இருந்தால்தான் சமநிலையில் அம்மோனியா அதிகம் கிடைக்கும். ஆனால் குறைந்த வெப்பநிலையில் வினை நகரவே நகராது. ஃபிரிட்ஸ் ஹேபரும் கார்ல் போஷும் இந்த இழுபறியை இரும்பு வினையூக்கியாலும் மிகுந்த அழுத்தத்தாலும் சமாளித்தார்கள். முதல் ஆலை 1913-இல் ஜெர்மனியில் ஓடத் தொடங்கியது. இன்றும் இந்த முறைக்கு 400 முதல் 500 டிகிரி வரை சூடு தேவைப்படுகிறது. அளவு குறைந்தாலும் பரவாயில்லை, வேகம் வேண்டும் என்று செய்துகொண்ட சமரசம் அது.

உயிர்கள் இந்த விஷயத்தில் ஆலைகளைவிடக் கெட்டிக்காரர்கள். மெடிக்கலில் வாங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டிலுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். வெளிச்சமும் பிளவைத் தூண்டும் என்பதால் பாட்டில் பழுப்பு நிறத்தில் இருக்கும். அதையே முழங்கால் சிராய்ப்பில் ஊற்றினால் உடனே நுரை. ரத்தத்தில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிளக்கிறது. ஒரே ஒரு நொதி மூலக்கூறு நொடிக்குப் பல லட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளை முடித்து அனுப்பும், அதுவும் உடம்புச் சூட்டிலேயே.

வேகத்தைப் பிடித்து நிறுத்துவது

வேகவியல் என்றதும் வேகப்படுத்துவது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பாடப்புத்தகமும் அப்படித்தான் எழுதுகிறது. நடைமுறையில் பாதிக்குமேல் வேலை மெதுவாக்குவதுதான். ஃபிரிட்ஜ், சிப்ஸ் பொட்டலத்துக்குள் அடைத்த நைட்ரஜன், இரும்புக் கதவுக்கு அடிக்கும் பெயின்ட், கலயத்துச் சுண்ணாம்பு என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

மறுபடி சிமென்டுக்கே வருகிறேன், ஏனென்றால் அதில் எல்லாம் ஒன்றாக நடக்கிறது. அவ்வளவு நைஸாக அரைத்த கிளிங்கரில் மட்டும் தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள அலுமினேட் சேர்மம் உடனே வினைபுரிந்து, கொத்தனார் கரண்டியைத் தூக்குவதற்குள் கலவை கெட்டியாகிவிடும். அதனால் அரைக்கும்போதே சில சதவீதம் ஜிப்சம் சேர்க்கிறார்கள். ஜிப்சம் அந்த வினையை மட்டுப்படுத்தி, பூசுவதற்கும் கொட்டுவதற்கும் நேரம் வாங்கிக் கொடுக்கிறது. தரநிலைப்படி கலவை முதல் 30 நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கக்கூடாது, 600 நிமிடத்துக்குமேல் இழுத்துக்கொண்டும் போகக்கூடாது.

இறுகியது என்றால் வினை முடிந்தது என்று அர்த்தமில்லை. உள்ளே சிலிக்கேட்டுகள் தண்ணீரோடு நிதானமாக வினைபுரிந்துகொண்டே இருக்கும். பையில் போட்டிருக்கும் 43, 53 என்ற எண்கள் 28-ஆம் நாள் வலிமையைக் குறிப்பவை. ஏழாம் நாளில் அதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் வந்திருக்கும். தண்ணீர் இங்கே வினைபடுபொருள். கத்திரி வெயிலில் போட்ட தளத்தில் சூட்டால் வினை விரைந்து ஓடத்தான் செய்யும், ஆனால் தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டால் வினைபுரிய ஆள் இல்லை. வினை பாதியிலேயே நின்றுவிடும், பிறகு தளம் வெடித்துக்கொண்டு நிற்கும். 'தண்ணி காட்டாம விட்டா காங்கிரீட் செத்துரும்' என்று கொத்தனார்கள் சொல்வது வேதியியல்படி சரியான பேச்சு.

சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது ஏழு நாள் நனைக்க வேண்டும். இப்போது வீடுகட்ட அதிகம் வாங்குவது பிபிசி என்கிற கலப்புச் சிமென்ட். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சுகிறதே, அது போன்ற சாம்பல் அதில் கலந்திருக்கும். சாம்பலில் உள்ள சிலிக்கா நேரடியாகத் தண்ணீரோடு வினைபுரியாது. சிமென்ட் வினைபுரிந்து வெளிவிடும் சுண்ணாம்புக்காகக் காத்திருந்து அதோடுதான் சேரும். முதல் படி முடிந்தால்தான் அடுத்தது, அதுவும் மெதுவாக. அதனால் இந்த வகைக்குப் பத்து நாளாவது தண்ணீர் நிறுத்த வேண்டும். ஏழாம் நாளோடு ஆளை அனுப்பிவிடாதீர்கள்.